தடை எங்கே இருந்தது? – ஊவாத் தோட்டங்களின் மின்சார வரலாற்றில் ஒரு கணக்கு

நாட்டின் மின்சார வரலாற்றை எழுதப் புகுவோர் அணைக்கட்டுகளின் உயரத்தையும், சுழலிகளின் வலுவையும், திறப்பு விழாக்களின் திகதிகளையும் வரிசைப்படுத்திச் செல்வது வழக்கம். அவையெல்லாம் வேண்டிய செய்திகளே. ஆயினும், மின்சாரம் எங்கே பிறந்தது என்று கேட்பவன், அது எந்த வாசலில் வந்து நின்றுவிட்டது என்றும் கேட்டாக வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்கு ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள் மிகவும் பொருத்தமான இடமாகும்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று கிழக்கே சென்றாலும் சரி, ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று தென்மேற்கே ஏறினாலும் சரி, காட்சி ஒன்றுதான். மலைமடிப்பில் ஓர் ஓடை. ஓடைக்கு இருபுறமும் தேயிலை. தேயிலைக்கு நடுவே தகரக் கூரை வேய்ந்த உயர்ந்த தொழிற்சாலை. அதற்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், லயன்கள். தொழிலாளரின் பேச்சிலே தொழிற்சாலைக்கு ‘ஸ்டோர்’ என்று பெயர். மலைநாட்டின் பல ஸ்டோர்களில் மின்குமிழ் எரியத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும், லயன் காம்பராக்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இரண்டு மூன்று தலைமுறைகள் இவ்வாறே வாழ்ந்து மறைந்தன. துரையின் பங்களாவில் வெளிச்சம், ஸ்டோரில் வெளிச்சம், கொழுந்து பறித்தவளின் வீட்டிலோ புகை.

இது ஏன் நேர்ந்தது? தூரம் அதிகம், கம்பியில் மின்சாரம் வீணாகிவிடும், உற்பத்தியாகும் வலு தொழிற்சாலைக்கே போதாது, செலவு தாங்காது என்பன வழக்கமாகக் கூறப்படும் மறுமொழிகள். கேட்பதற்கு இவை விஞ்ஞானம்போல் ஒலிக்கின்றன. விஞ்ஞானம்போல் ஒலிப்பதை விஞ்ஞானத்தைக் கொண்டே சோதிப்பது முறையாகும். அதற்குப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. நம் மாணவர் சாதாரண தர வகுப்பிலே கற்கும் இரண்டு சமன்பாடுகள் போதும்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

அச்சமன்பாடுகளில் முதலாவதைத் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில் 1789இல் பிறந்த ஜோர்ஜ் சைமன் ஓம், பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். தானே முயன்று கற்ற அத்தந்தைதான் மகனுக்குக் கணிதத்தின் முதற்பாடங்களைப் புகட்டினார். 1817இல் கொலோன் நகரப் பள்ளியொன்றிலே கணிதமும் பௌதிகமும் கற்பிக்கச் சேர்ந்த ஓம், அங்கிருந்த ஆய்வுகூடத்தில் நீளமும் தடிப்பும் வேறுபட்ட கம்பிகளைத் தாமே அமைத்து, அவற்றினூடே மின்னைச் செலுத்தி அளந்தார். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாமல் ஏறியிறங்கியது. ஆகவே, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்குமாறு இரு உலோகங்களை இணைத்து, அதிலிருந்து கிடைத்த சிறிய, ஆனால் நிலையான மின்னியக்க விசையைப் பயன்படுத்தினார். 1827இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான்: வெப்பநிலை மாறாதிருக்க, ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கிடையேயுள்ள அழுத்த வேறுபாடும் அதனூடு பாயும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று நேர்விகித சமமானவை. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வருவது தடை. வோல்ற்றை அம்பியரால் வகுக்க ஓம் கிடைக்கும். கம்பி நீண்டால் தடை கூடும், தடித்தால் குறையும்.

இவ்வளவு எளிய விதிக்கு ஜேர்மனியில் அன்று கிடைத்த வரவேற்பு குளிர்ந்த மௌனமே. ஓம் தம் பதவியைத் துறந்தார். 1833இல்தான் நூரம்பேர்க் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. 1841இல் இலண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் வழங்கிய பின்னரே சொந்த நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. மியூனிக் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852இல். அவர் இறந்தது 1854இல். வாழ்நாள் முழுவதும் தடையை அளந்தவருக்குச் சமூகத்தின் தடைகளும் நன்கு தெரிந்திருக்கும்.

இரண்டாவது சமன்பாட்டிற்கு அடிகோலியவர் மன்செஸ்டரையடுத்த சல்போர்ட் நகரின் ஜேம்ஸ் பிரெஸ்கொட் ஜூல். மின்னோட்டம் பாயும் கம்பியில் தோன்றும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கும் கம்பியின் தடைக்கும் ஏற்ப அமையும் என்று 1841இல் அவர் காட்டினார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். வலு என்பது அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கி வருவது. வோல்ற்றை அம்பியராற் பெருக்க வாற்றுக் கிடைக்கும். மின்குமிழின் கண்ணாடியில் 230 வோல்ற்று, 40 வாற்று என்று அச்சிட்டிருந்தால், அதனூடு ஏறத்தாழ 0.17 அம்பியர் ஓடும். எரியும்போது அதன் இழையின் தடை ஏறத்தாழ 1,320 ஓம். இவ்வளவுதான் நமக்கு வேண்டிய கருவி. இதனை எடுத்துக்கொண்டு மலையேறுவோம்.

ஓடை சுழற்றிய சக்கரம்

கோப்பி அழிந்து தேயிலை தழைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம். 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். டம்பட்டென்ன தொழிற்சாலை அவ்வாண்டில் எழுந்தது. புகைவண்டி 1893இல் அப்புத்தளையை எட்டியது. 1924 ஏப்ரலில் பதுளையை அடைந்தது. எல்லைக்கும் தெமோதரைக்குமிடையே கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று உலகமே திரண்டு வருகிறது. அந்தப் பாதை ஏன் அமைந்தது என்பதற்கு மறுமொழி தேயிலைப் பெட்டிகளில் இருக்கிறது.

கொழுந்தை வாட்டுவதற்குக் காற்று வேண்டும்; உருட்டுவதற்கும் சலிப்பதற்கும் இயந்திரம் வேண்டும்; உலர்த்துவதற்கு வெப்பமும் விசிறியும் வேண்டும். நிலக்கரியை மலைக்கு ஏற்றுவது பெருஞ்செலவு. ஆனால் ஓடை வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே தோட்டக் கம்பனிகள் பிரித்தானியாவிலிருந்து நீர்ச்சுழலிகளை வருவித்தன. மலையின் மேற்புறத்தில் ஓடையை மறித்து, வாய்க்கால் வழியே ஒரு தொட்டிக்குக் கொணர்ந்து, அங்கிருந்து இரும்புக் குழாயிலே செங்குத்தாக இறக்கி, சுழலியின் கிண்ணங்களின் மீது பாய்ச்சினர். தொடக்கத்திற் சுழலியின் அச்சிலிருந்து தோற்பட்டிகள் வழியாக இயந்திரங்கள் நேரே ஓடின. பின்னர் அதே அச்சில் மின்பிறப்பாக்கி பூட்டப்பட்டது. இலங்கை மலைநாடு முழுவதிலும் இத்தகைய சிறு நீர்வலு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இயங்கின. இந்தியாவின் முதல் நீர்மின் நிலையமும் தேயிலை நாட்டிலேதான், 1897இல் டார்ஜிலிங்கிற்கு அருகில் எழுந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஓடை தரும் வலுவைக் கணிப்பதும் எளிது. ஒரு செக்கனுக்கு எத்தனை இலீற்றர் நீர் விழுகிறதோ அதனை விழும் உயரத்தின் மீற்றராற் பெருக்கி, மேலும் 9.8ஆற் பெருக்கினால், நீரிலுள்ள வலு வாற்றில் வரும். பதுளைக்கு அருகிலுள்ள துன்ஹிந்த நீர்வீழ்ச்சி 64 மீற்றர் உயரமுடையது. அங்கே செக்கனுக்கு 1,000 இலீற்றர் விழுந்தால் அதன் வலு 627 கிலோவாற்று. அழகை இரசிக்கச் செல்வோரின் முன்னே அவ்வளவு வலு பாறையில் மோதிச் சிதறிக்கொண்டிருக்கிறது. தோட்டத்து ஓடை அவ்வளவு பெரிதன்று. செக்கனுக்கு 50 இலீற்றர் நீர் 60 மீற்றர் இறங்குவதாகக் கொள்வோம். நீரின் வலு 29,400 வாற்று. குழாயின் உராய்விலும் பழைய இயந்திரத்திலும் பாதி வீணாகிவிடுவதாக வைத்துக்கொண்டாலும், 15 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 20 குதிரைவலு, கையிலே மிஞ்சும்.

அந்த வாய்க்காலை வெட்டியவர்களும், குழாயைத் தோளிலே சுமந்து மலையேற்றியவர்களும், மழைக்காலத்தில் வாய்க்காலின் சேற்றை அள்ளியவர்களும் லயன்களில் வாழ்ந்தவர்களே.

முந்நூறு மீற்றர்

இனிக் கணக்கைப் போடுவோம். ஒரு லயனில் 20 காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு 40 வாற்றுக் குமிழ். மொத்தம் 800 வாற்று. 15 கிலோவாற்றில் இது ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. தொழிற்சாலை இரவிலும் இயங்கும் என்பது மெய்தான். ஆயினும் பதினெட்டில் ஒரு பங்கைக் கொடுத்தால் உருட்டும் இயந்திரம் நின்றுவிடும் என்று எவரும் வாதிட முடியாது.

அடுத்தது தூரம். ஸ்டோரிலிருந்து லயன் 300 மீற்றர் என்போம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. மொத்தம் 600 மீற்றர். குறுக்குவெட்டு 10 சதுர மில்லிமீற்றர் உள்ள செப்புக் கம்பியானால் அதன் தடை ஏறத்தாழ 1 ஓம். இருபது குமிழ்களும் சமாந்தரமாக எரியும்போது 230 வோல்ற்றில் ஓடும் ஓட்டம் 3.5 அம்பியர். கம்பியில் இழக்கப்படும் அழுத்தம் 3.5 வோல்ற்று. கம்பியில் வீணாகும் வலு, ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க, 12 வாற்று. எண்ணூறில் பன்னிரண்டு, அதாவது நூற்றுக்கு ஒன்றரை. கண்ணுக்கே தெரியாத இழப்பு.

பழைய மின்பிறப்பாக்கி 110 வோல்ற்றில் இயங்கியது என்று ஒருவர் மறுக்கலாம். நல்ல மறுப்பு. அப்போது அதே 800 வாற்றுக்கு ஓட்டம் 7.3 அம்பியராகும், கம்பியில் வீணாவது 54 வாற்று. ஓட்டம் இருமடங்குக்குச் சற்றுக் கூடியது. இழப்பு நான்கு மடங்கைத் தாண்டியது. ஜூலின் விதி இங்கே கண்முன் தெரிகிறது. ஆனால் அந்நிலையிலும் இழப்பு நூற்றுக்கு ஏழைத் தாண்டவில்லை. விளக்குச் சற்று மங்கியிருக்கும்; எரியாமல் இராது.

இழப்பைக் குறைக்க அழுத்தத்தை உயர்த்த வேண்டும் என்பது அக்காலத்துப் பொறியியலாளருக்குத் தெரியாத இரகசியமுமன்று. 1902இல் மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 147 கிலோமீற்றர் தூரம் மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. அந்தச் சுரங்கங்களிலே உழைத்தவர்களிற் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்கள். பொன்னை எடுக்க வேண்டுமாயின் 147 கிலோமீற்றர் தூரமும் தூரமன்று. தேயிலை பறித்தவளின் பிள்ளை பாடம் படிக்க வேண்டுமாயின் 300 மீற்றரும் பெருந்தூரம்!

எஞ்சியது செலவு. 10 சதுர மில்லிமீற்றர்க் கம்பி 600 மீற்றருக்கு வேண்டிய செம்பு ஏறத்தாழ 54 கிலோ. ஒரு மூடை அரிசியின் எடை! செம்பு விலையுயர்ந்த பொருள்தான். ஆயினும், கடல் கடந்து இயந்திரங்களைக் கொணர்ந்து மலையுச்சியில் நிறுத்திய கம்பனிகளுக்கு ஒரு மூடை எடையுள்ள செம்பு எட்டாத பொருளன்று.

கணக்கு முடிந்தது. கம்பியின் தடை 1 ஓம். அந்த ஓர் ஓம் வெளிச்சத்தை மறித்திருக்க முடியாது. மறித்தது வேறொரு தடை. அதனை அளக்கப் பௌதிகத்தின் கருவிகள் போதா. வரலாற்றிடம்தான் போக வேண்டும்.

மலையின் நீரும் மலையின் மக்களும்

தோட்டம் என்பது இலாபத்திற்காக அமைக்கப்பட்ட தனி உலகம். வேலைக்கு எவை வேண்டுமோ அவை அங்கே செலவெனக் கருதப்பட்டன. வாழ்க்கைக்கு எவை வேண்டுமோ அவை வீண்செலவெனக் கருதப்பட்டன. ஸ்டோரின் விளக்கு இரவிலே தேயிலையை உண்டாக்கியது. லயனின் விளக்கு எதை உண்டாக்கும்? வாசிக்கும் ஒரு சிறுவனை, கணக்குப் புத்தகத்தைத் தானே பார்க்கும் ஒரு தொழிலாளியை, இரவிலே கூடிப் பேசும் ஒரு சங்கத்தை. இவற்றில் ஒன்றுகூடத் தோட்டத்துக் கணக்கேட்டின் வரவுப் பக்கத்தில் இடம்பெறத்தக்கதன்று.

இருளிலும் அவர்கள் கூடிப் பேசினர் என்பதற்கு ஊவாவே சாட்சி. 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தெரிந்தெடுத்த தொழிலாளர் சபையை அமைத்தனர். அச்சபையோடு கலந்தே நடப்பதாகத் தோட்ட நிர்வாகம் இணங்க வேண்டியதாயிற்று. பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவைப் பிற இடங்களிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து அந்த அலையைத் தணித்தன. ஆனால் தோட்டத்திலே வேறோர் ஓட்டமும் உண்டு, அதற்கும் அழுத்தம் உண்டு என்பதை வெவெஸ்ஸ காட்டிவிட்டது.

தோட்டத்தின் வேலிக்கு வெளியே நாட்டின் மின்சாரக் கனவு வேறொரு பாதையில் வளர்ந்தது. காலியிற் பிறந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளின் நீரைக் கொண்டு நாட்டையே மின்மயமாக்கலாம் என்று 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தார். அதற்கு முன்னரே, 1912இல், நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்குமிடையே சிறிய நீர்மின் நிலையமொன்று அவர் முயற்சியால் எழுந்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்திருந்தது. லக்ஸபானத் திட்டம் 1924இல் தொடங்கியது, இடையிலே நின்றது, இழுபட்டது. 1920இல் உள்நாட்டுப் போரின் சாம்பலிலிருந்து எழுந்த சோவியத் ரஷ்யா நாடு முழுவதற்கும் மின்மயத் திட்டம் வகுத்து நிறைவேற்றத் தொடங்கியிருந்தது. காலனித்துவ இலங்கையிலோ ஓர் அணைக்காகக் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. விமலசுரேந்திர 1931இல் அரசாங்க சபைக்கும் சென்று பார்த்தார். இறுதியில் 1950இல், 25 மெகாவாற்று வலுவுடன், லக்ஸபான இயங்கியது. அதனைக் கண்ணாற் கண்டபின் 1953இல் அவர் மறைந்தார்.

லக்ஸபானச் சுழலிகள் சுழலத் தொடங்கிய அந்த ஆண்டுகளிலே மலைநாட்டில் வேறென்ன நடந்தது? 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இல் நிறைவேறிய தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்கையும் பறித்தது. 1950இல் மலையின் நீர் தேசத்தின் சொத்தாயிற்று. அதாவது, மலையின் நீருக்குத் தேசிய உரிமை கிடைத்த அதே வேளையில் மலையின் மக்கள் தேசத்திற்கு அந்நியராயினர். இந்த மூன்றாண்டுகளை அருகருகே வைத்துப் படிக்காத எந்த மின்சார வரலாறும் அரைவரலாறே.

வாக்கில்லாதவர் வாசலுக்கு மின்கம்பம் வருவதில்லை. இது ஓமின் விதியைப்போல் எழுதப்பட்ட விதியன்று. ஆனால் நம் நாட்டில் ஒவ்வொரு தேர்தற் காலத்திலும் மெய்ப்பிக்கப்படுவது. எந்த ஊருக்கு எப்போது மின்சாரம் போகும் என்பதைத் தீர்மானித்த இடங்களிலே தோட்ட மக்களுக்காகப் பேச 1950களில் எவருமில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களைத் தொகையாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னொரு பேச்சுக்கு. தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டுக் கப்பலேறியவர்களிற் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைச் செடியின் முன்னேதான் நின்றனர். அங்கும் 1932இலிருந்து பைக்காரா நீர்மின்சாரத்தைத் தந்துகொண்டிருந்தது. நீர் விழும் ஒரு மலையிலிருந்து நீர் விழும் மறுமலைக்குச் சென்றதுதான் அவர்கள் கண்ட மாற்றம்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இதற்கிடையே தேசிய மின்கம்பி ஸ்டோரை எட்டியதும், ஓடைக்கரைச் சுழலிகள் பல கைவிடப்பட்டுத் துருவேறின. 1973இல் எண்ணெய் விலை பாய்ந்து ஏறியபின் அவற்றிற் சில மீண்டும் பழுதுபார்க்கப்பட்டன. சப்ரகமுவவிலும் ஊவாவிலும் சில கிராமங்களின் மக்கள் 1990களில் தாமே சங்கம் அமைத்து, ஓடையை மறித்து, வீட்டுக்கு நூறு இருநூறு வாற்று அளவிலே மின்சாரம் பங்கிட்டுக்கொண்டனர். தோட்டத்து ஓடையினால் இது முடியாததன்று என்பதை அக்கிராமங்கள் நிரூபித்தன. அவர்கள் நின்ற நிலம் அவர்களுடையதாயிருந்தது. லயனில் வாழ்ந்தவனுக்கோ நிலமும் இல்லை, வீடும் இல்லை, ஓடையும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை அளித்தபோது, முதற்சட்டத்திற்குப் பின் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. பல லயன்களுக்கு மின்சாரமும் ஏறத்தாழ இந்தக் கடைசிப் பத்தாண்டுகளிலேதான் வந்து சேர்ந்தது.

வந்த மின்சாரம்

இன்று பெரும்பாலான லயன்களில் மின்குமிழ் எரிகிறது. எனவே பழங்கதை ஏன் என்று கேட்போர் ஒரு லயனின் கூரைக்கடியிலே தலையை நுழைத்துப் பார்க்கட்டும். வீடு தொழிலாளியின் பெயரில் இல்லாத காரணத்தால், தனி இணைப்புப் பெறுவதற்குப் பல இடங்களிலே தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். அது கிடைக்காதபோது அயல்வீட்டு இணைப்பிலிருந்து மெல்லிய கம்பியொன்று சுவரைத் தாண்டி வருகிறது. அதிலிருந்து இன்னொன்று. லயன் தீப்பற்றி எரிந்தது, மின்னொழுக்கு என்று சந்தேகம் என்ற செய்தி நம் நாளேடுகளில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதிலே தேடத்தக்கது.

மீண்டும் அதே கணக்கு. அரை சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி 40 மீற்றர் தூரம் போய்த் திரும்பினால் அதன் தடை ஏறத்தாழ 2.75 ஓம். அதன் முனையில் 2,000 வாற்றுக் கேத்தலைப் பூட்டினால் ஏறத்தாழ 7.9 அம்பியர் ஓடும். கம்பியில் மட்டும் 170 வாற்று வெப்பமாகும். அவ்வெப்பம் கம்பி நெடுகப் பரவுவதால் உடனே ஆபத்தில்லை. ஆனால் இடையிலே கையால் முறுக்கிக் கட்டிய மூட்டொன்று தளர்ந்திருந்து, அதன் தடை அரை ஓமாக இருந்தால், அந்த ஒரே புள்ளியில் 30 வாற்று வெப்பம் குவியும். பற்றாசுக் கோல் ஈயத்தை உருக்குவது அந்த அளவு வலுவிலேதான். அந்தப் புள்ளிக்கு மேலே காய்ந்த பலகை. பலகைக்கு மேலே தகரம். ஒரு சுவருக்கு அப்பால் உறங்கும் அயல்வீட்டுக் குழந்தை. ஒரு கூரைக்குக் கீழ் இருபது குடும்பங்களை வைத்த அமைப்பு ஒரு பொறியை இருபது வீட்டுத் தீயாக்குகிறது.

இங்கே குற்றம் கம்பியை இழுத்தவனுடையதா? தடித்த கம்பி, உருகி, நிலத்தொடுப்பு, தனி மீற்றர் ஆகிய யாவும் வீட்டுரிமை என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. உரிமையில்லாத வீட்டில் எவனும் சுவருக்குள் குழாய் பதித்துக் கம்பி இழுப்பதில்லை. தவிர, கட்டணமும் உண்டு. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டபோது, தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தது. விளக்கு இருந்தும் அணைத்து வைக்க நேர்வதும் ஒருவகை இருள்தான்.

ஊவாவின் நீர் இன்று முன்னெப்போதிலும் பெரிய அளவில் மின்சாரமாகிறது. வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவின் நீரை மலையைக் குடைந்து வெல்லவாய நோக்கித் திருப்பும் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. வலு 120 மெகாவாற்று. சுரங்கம் வெட்டப்பட்ட காலத்தில், 2014இன் இறுதி தொட்டு, பண்டாரவளைப் பகுதியிலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. நாட்டிற்கு மின்சாரம் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மலை கொடுப்பது மெகாவாற்றாகவும், மலை பெறுவது வற்றிய கிணறாகவும் அமைந்தால், ஸ்டோருக்கும் லயனுக்குமிடையிலிருந்த பழைய கணக்கு இன்னும் தீரவில்லை என்பதே பொருள்.

வகுப்பறையிலே

இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு வேலை உண்டு. ஓமின் விதியை நாம் வழக்கமாக மின்கலம், குமிழ், ஆளி என்னும் ஒரு பெட்டிப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து கற்பிக்கிறோம். பிள்ளை சமன்பாட்டை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுகிறது. அதே பாடத்தை அப்பிள்ளையின் லயனிலிருந்து தொடங்கலாம். வீட்டுக்கு வரும் கம்பியின் தடிப்பு என்ன? நீளம் என்ன? தடை என்ன? கேத்தல், அழுத்தி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வாற்று எவ்வளவு? எல்லாம் சேர்ந்து எத்தனை அம்பியர்? எந்த மூட்டுச் சூடாகும்? ஒரு 40 வாற்றுக் குமிழ் நாளுக்கு 5 மணிநேரம் எரிந்தால் மாதத்திற்கு 6 அலகு, 9 வாற்றுக் குமிழானால் ஒன்றரை அலகுக்கும் குறைவு, கட்டணம் எவ்வளவு? இக்கேள்விகளுக்கு விடை காணும் பிள்ளை பரீட்சையில் மட்டுமன்றித் தன் கூரைக்கடியிலும் சித்தியடையும்.

அதன்பின் அப்பிள்ளை இன்னொரு கேள்வியையும் தானாகவே கேட்கும். பாட்டியின் காலத்தில் ஸ்டோரில் எரிந்த விளக்கு நம் வீட்டில் ஏன் எரியவில்லை? அப்போது விஞ்ஞான ஆசிரியர், அது வரலாற்றுப் பாடம் என்று தள்ளிவிடக் கூடாது. வரலாற்று ஆசிரியரும் அது விஞ்ஞானப் பாடம் என்று விலகக் கூடாது.

ஓம் தம் விதிக்கு வைத்த நிபந்தனையொன்றை ஈற்றில் நினைவூட்ட விரும்புகிறேன். வெப்பநிலை மாறாதிருக்கும் வரையிலேதான் தடை மாறாதிருக்கும். குளிர்ந்த குமிழிழையின் தடை, அது எரியும்போதுள்ள தடையிற் பத்திலொரு பங்களவே. சமூகத்தின் தடைகளும் என்றென்றும் நிலைத்த மாறிலிகளல்ல. 1940இல் வெவெஸ்ஸவில் ஒருமுறை அவை தளர்ந்தன. 2003இல் சட்டப் புத்தகத்தில் ஒன்று அகன்றது. தொழிலாளியின் பெயரில் வீடும், வீட்டின் பெயரில் மீற்றரும் எழுதப்படும் நாளிலே அடுத்தது அகலும். அதற்கு வேண்டிய அழுத்தம் எங்கிருந்து வரும் என்பதை லயன்களும், அவற்றின் பிள்ளைகள் கூடும் நம் வகுப்பறைகளும்தான் சொல்ல வேண்டும்.